இருளுக்கு வசனம் இல்லை

1

இந்த மார்கழியோடு நாங்கள் டெல்லிக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. எனக்கு அது நினைவில் இல்லை. நினைவுபடுத்தியது பாளையங்கோட்டையிலிருந்து ராஜம் அக்கா போட்ட கடிதம்தான். "நீ போயி பத்து வருசம் முடியப்போவுது. தலைநகரத்துல கரண்டே போவாதாமே, ராத்திரியும் பகலு மாதிரி இருக்குமாமே, நெசந்தானா?" என்று பேசுகிற மாதிரியே எழுதிக் கேட்டிருந்தாள். அந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. மிச்சக் கடிதத்தை மெழுகுவர்த்தி ஏற்றிப் படித்தேன். சத்தியமாக இது கதைக்காகச் சேர்த்ததல்ல.

அக்காவுக்கும், அவளைப் போல ஊரிலிருந்தபடி டெல்லியை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். டெல்லியில் வெளிச்சம் உண்டு. மந்திரிமார் குடியிருக்கும் சாலைகளில் விளக்குகள் பூத்துக் குலுங்கும். ஆள் நடமாட்டமே இல்லாத அந்தச் சாலைகளில் ஒரு ஊசி விழுந்தாலும் தேடி எடுத்துவிடலாம். நாங்கள் இருக்கும் ஜனக்புரிக்கு வரும்போது வெளிச்சம் பாதியாகிவிடும். எங்கள் ஃபிளாட்டுகளுக்குப் பின்னால் ஒரு குடிசை வரிசை இருக்கிறது. அங்கே வெளிச்சம் என்ற பேச்சே கிடையாது. விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த நம் ஜனங்கள்தான் அங்கே இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அஞ்சலையின் வீடும் அதில்தான்.

அந்தச் சந்துக்கு ஒரு தெருவிளக்கு வேண்டும் என்று ஒருமுறை மனு எழுதிக்கொண்டு போனேன். அலுவலகத்திலிருந்த குமாஸ்தா நல்ல மனிதர், டீ கூட வரவழைத்தார். பிறகு மேஜையளவு வரைபடத்தை விரித்து விரலால் மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டு, "நக்ஷேயில் அப்படி ஒரு சந்தே இல்லையே ஜி" என்றார். சந்து இல்லையென்றால் அங்கே இருட்டும் இல்லை, இருட்டு இல்லையென்றால் விளக்கு எதற்கு? "நான் அதன் வழியாகத்தான் நடந்து வந்தேன்" என்றேன். "அப்படியானால் அதை மூன்று பிரதியாக எழுதிக் கொடுங்கள்" என்றார். கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷமாகிறது. டீ மட்டும் நன்றாக இருந்தது.

2

என் பிழைப்பே வெளிச்சமும் இருட்டும்தான். பகலில் ஆபீஸ் வேலை பார்க்கும் பெண்களுக்காக நடக்கும் ஒரு மாலைக் கல்லூரியில் நான் ஆங்கில இலக்கியம் சொல்லிக் கொடுக்கிறேன். டைப்பிஸ்டுகள், டெலிபோன் ஆபரேட்டர்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள். வருஷா வருஷம் இவர்களுக்கு ஒரு வெள்ளைக்காரர் எழுதிய நாவலைப் பாடம் நடத்துகிறேன். பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை.

கதை இதுதான். ஒரு துரை மலைநாட்டு ஜில்லாவுக்கு அதிகாரியாகப் போகிறார். அவர் போகும் இடமெல்லாம் ஒரு பெரிய லாந்தரும் போகிறது. கூடாரத்துக்குள் வெளிச்சம், வெளியே கும்மிருட்டு. அந்த இருட்டில் அவ்வப்போது இரண்டு கண்களும் கொஞ்சம் பற்களும் தெரியும். அவைதாம் அந்த நாட்டு ஜனங்கள். கடைசி அத்தியாயத்தில் லாந்தர் கடைசிக் கிராமத்தை எட்டுகிறது, பொழுது விடிகிறது, புத்தகம் முடிகிறது.

நான் கரும்பலகையில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தி வரைவேன். 'வெளிச்சம்' என்பதன் கீழே துரை, சட்டம், ரயில், சோப்பு என்று எழுதிக்கொண்டே போவேன். 'இருள்' என்பதன் கீழே ஒன்றும் எழுத மாட்டேன். திரும்பி நின்று, சாக்பீஸ் பிடித்த கையால் வகுப்பையே சுட்டிக் காட்டுவேன். முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் குபீரென்று சிரிப்பு கிளம்பும். "அடுத்தவன் வீட்டை இருட்டு என்று சொல்லிவிட்டால் கதவைத் தட்டாமல் உள்ளே போகலாம். கையில் விளக்கு வைத்திருக்கிறவனைத் திருடன் என்று யார் சொல்லப் போகிறார்கள்? சாம்ராஜ்யம் முழுவதும் இப்படித்தான் கட்டப்பட்டது" என்று முடிப்பேன். ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில் கைதட்டல் கிடைக்கும். எனக்கும் ரொம்பப் பெருமையாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்வேன். அது புத்தகத்திலிருந்து வந்ததல்ல, டெல்லிக் குளிரிலிருந்து வந்தது. நம் ஊரில் யாராவது ஆதரவு கொடுத்தால் நிழல் கொடுத்தார் என்கிறோம். நல்ல சேதி கேட்டால் மனசு குளிர்ந்தது என்கிறோம். திருநெல்வேலி வெயிலில் பிறந்த பாஷை வேறெப்படி இருக்கும்? டெல்லிக்கு வந்த முதல் ஜனவரியில் மொட்டை மாடியில் ஒரு துண்டு வெயிலுக்காகப் பக்கத்து வீட்டுக்காரியோடு பாயை நகர்த்தி நகர்த்திச் சண்டை போட்டபோதுதான், வெள்ளைக்காரனுக்கு வெளிச்சத்தின் மேல் ஏன் அத்தனை பித்து என்று எனக்குப் புரிந்தது. பாவம், அவன் நாட்டுக் குளிர் அப்படி. ஆனால் குளிருக்கு வெயில் காய வந்தவன் நம் நிழலையெல்லாம் பாவம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனானே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

3

இப்படிப் பேசிக்கொண்டு திரிந்தவளின் வீட்டுக்குள் போன மாதம் என் மகள் ஷீபா பள்ளிப் பையைச் சுழற்றியடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பதினோரு வயது, கைக்குழந்தையாக டெல்லிக்கு வந்தவள். தமிழ் பேசினால் புரியும். பேச வேண்டும் என்றால் பாதி வழியில் இந்தி வந்து கைகொடுக்கும். எழுத்து சுத்தமாகத் தெரியாது. ராஜம் அக்கா கடிதத்தை அவள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "நல்லா இருக்கு" என்று சொன்னதை நான் அக்காவுக்கு எழுதவே இல்லை.

"அம்மா, ஸுனோ! ஆண்டு விழா ட்ராமால நான் செலக்ட் ஆயிட்டேன். நான்தான் டார்க்னஸ்!"

நாடகத்தின் பெயர் 'ஒளியின் வருகை'. ஆதியில் தேசம் இருளில் கிடந்தது, கடல் தாண்டி ஒளி வந்தது, கல்வியும் மருந்தும் கொண்டு வந்தது, இருள் ஓடிப் போயிற்று. ஒளியாக வருவது ரித்து, பட்டாளத்து அதிகாரி ஒருவரின் மகள். பால் நிறம். இருளாக நிற்பது வகுப்பிலேயே கறுத்த பெண், என் பெண்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. கையிலிருந்த கரண்டியோடு கூடத்தில் மூன்று சுற்று சுற்றினேன். வங்கியிலிருந்து அப்போதுதான் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவர் தேவராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எதுக்கு இந்தத் துள்ளு துள்ளுத? பிள்ளை ஆசையா வந்து சொல்லுது."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கே போயி நாடகத்துல இருந்து பேரை எடுக்கப் போறேன்."

"போயிக் கேளு. ஆனா அங்க போயி வகுப்பு எடுத்துராத" என்றார்.

ஷீபாவின் முகம் சுருங்கிவிட்டது. "பேரை எடுத்தா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன். எனக்கு இருக்கிறது ஒரே கம்ப்ளெய்ண்ட்தான். ரித்துவுக்கு எவ்ளோ டயலாக்! எனக்கு ஒண்ணுகூட இல்ல. ஏக் பீ நஹீ."

இருளுக்கு வசனம் இல்லை. பத்து வருஷமாக நான் வகுப்பில் மூச்சுப் பிடித்து விளக்கியதை என் மகள் ஒரு புகாராக்கி என் முன்னால் வைத்தாள். கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்த அந்த ஜனங்களுக்கு நாவலில் ஒரு வரிப் பேச்சும் கிடையாது.

4

மறுநாள் பள்ளிக்குப் போனேன். நாடகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் மிஸஸ் சோப்ரா. பின்னல் ஊசியும் கம்பளி உருண்டையுமாக எப்போதும் யாருக்கோ ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே இருக்கிற பெரிய மனசுக்காரி. நாங்கள் பேசியது பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். தமிழில் தருகிறேன்.

"இருளுக்கு என் மகளை ஏன் எடுத்தீர்கள்?"

"அவளால்தான் பத்து நிமிஷம் அசையாமல் நிற்க முடியும், பெஹன்ஜி."

ஷீபா சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட ஒரு நிமிஷம் அசையாமல் இருந்ததில்லை. அதைச் சொன்னேன். மிஸஸ் சோப்ரா ஒரு வரிசை பின்னி முடித்தார். "கறுப்பு உடை அவளுக்கு எடுப்பாகவும் இருக்கும்" என்றார். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை இன்னும் சங்கடப்படுத்தியது.

தேவராஜ் சொன்னதை மறந்து வகுப்பு எடுத்துவிட்டேன். இரண்டு பத்தி, சட்டம், சோப்பு, கதவைத் தட்டாத திருடன் எல்லாம் சொன்னேன். மிஸஸ் சோப்ரா இரண்டு இடத்தில் கண்ணி விட்டுவிட்டு மறுபடி பின்னினார். கடைசியில், "நீங்கள் சொல்வது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தை வசனம் கேட்கிறாள், சண்டை கேட்கவில்லை. இருளுக்கு இரண்டு வரி சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள்தானே இலக்கியம் படித்தவர், எழுதி அனுப்புங்கள்" என்றார்.

வெற்றிக்கொடி நாட்டிய மாதிரி வீடு திரும்பினேன். இரண்டே வரி, அது என்ன பெரிய வேலை?

5

எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. முதலில், 'நான் இருள் அல்ல, எனக்கு இருள் என்று பெயரிட்டவன் நீ' என்று ஆங்கிலத்தில் கம்பீரமாக எழுதினேன். ஷீபா படித்துவிட்டு, "யே க்யா ஹை? இது யாருக்கும் புரியாதும்மா" என்றாள். அடுத்ததில் சரித்திரம் முழுவதையும் அடைத்தேன். தேவராஜ் படித்துவிட்டு, "இது பார்லிமெண்டுல பேச வேண்டியது" என்றார். மூன்றாவது, இருள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிற மாதிரி வந்துவிட்டது. அதை நானே கிழித்தேன்.

கிழித்த காகிதத்தைப் பொறுக்கும்போது, இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று ஞாபகம் வந்தது. பாளையங்கோட்டையில் நான் எட்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளியிலும் இதே மாதிரி ஒரு நாடகம் போட்டார்கள். வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். அவர்கள் எழுதி வைத்த நாடகம் மட்டும் ஊரைக் காலி பண்ணவில்லை. அதில் ஒளியாக நடித்தது யார் தெரியுமா? நான்தான். இங்கிலீஷ் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நிறம்தான் ஒத்துழைக்கவில்லை. அதற்கு இரண்டு கைப் பவுடரை அப்பி, அட்டையில் செய்த இறக்கைகளை முதுகில் கட்டி மேடையேற்றினார்கள். பாதி வசனத்தில் வியர்வை வழிந்து கழுத்துவரை கோடு கோடாக இறங்கியது. அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து அழுதார். நான் பெருமையில் மிதந்தேன்.

அந்த நாடகத்தில் இருளாகவும் ஒரு பெண் நடித்தாள். விடுதியில் தங்கிப் படித்தவள், கறுப்புச் சீலையைப் போர்த்திக்கொண்டு எனக்குப் பின்னாலேயே இருந்தாள். அவள் பெயர் என்ன? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. என் வசனங்கள் எல்லாம் இன்றைக்கும் தலைகீழாகச் சொல்வேன், அவள் பெயர் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மிஸஸ் சோப்ராவிடம் அத்தனை நேரம் வாய் கிழியப் பேசினேனே என்று இன்னும் வெட்கமாக இருந்தது.

6

அந்த வாரம் டெல்லியில் கல்யாண சீசன். இங்கே மாப்பிள்ளை குதிரையில் ஏறி ஊர்வலமாக வருவதை பராத் என்பார்கள். முன்னால் பேண்டு வாத்தியம், நடுவில் ஆட்டம், இரண்டு பக்கமும் காஸ் லைட் தூக்குகிறவர்கள் வரிசை. அஞ்சலை சீசனில் அந்த வேலைக்கும் போவாள். ஒரு மத்தியானம் கழுத்தில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே வந்து பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். ஷீபா பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு நாடகக் கதையைச் சொன்னாள்.

"இருட்டு வந்து இன்னா பண்ணும் கண்ணு?"

"நிக்கும். அப்புறம் லைட் வந்ததும் பாக் ஜாயேகி, ஓடிடும்."

"அய்ய, நல்ல கூத்துதான் போ! நேத்து பராத்துல என் பேரே லைட்டுதான், தெரியுமா? போட்டோ புடிக்கிறவன் 'ஏ லைட், இதர் ஆ! ஏ லைட், ஜல்தி!'ன்னு என்னியத்தான் கூப்புடறான். கிட்ட போனா, 'நீ படத்துல வுழாத, தள்ளிப் போ'ன்றான். மாப்ள மூஞ்சில வெளிச்சம் வுழணும், நான் மட்டும் வுழக் கூடாது."

"ரொம்ப ஹெவியா இருக்குமா?"

"இல்லாம? இரும்பாச்சே. சும்மாடு ஒழுங்கா வெச்சா தாங்கிக்கலாம். எத்தினி கல்யாணத்துக்குத் தூக்கினு நடந்திருக்கேன், ஒருத்தர்னா 'இந்தாம்மா, கழுத்து வலிக்கப் போவுது, கொஞ்சம் எறக்கு'ன்னு சொன்னதில்ல. கழுதை, அதையா பேசறது. நீ அந்தக் கரித்துணியக் குடு."

ஷீபாவுக்கு 'சும்மாடு' என்ற சொல் புதிது. அஞ்சலை தன் முந்தானையைச் சுருட்டித் தலையில் வைத்துக் காட்டினாள். ஷீபா ஒரு துவாலையைச் சுருட்டி, அதன் மேல் குழம்புச் சட்டியை வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தாள். சட்டி காலியாக இருந்தது, தப்பித்தோம்.

அன்று மாலை வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் அந்த நாவலை எடுத்துப் புரட்டினேன். முன்னூறு பக்கத்திலும் லாந்தர் வருகிறது. ஆற்றைக் கடக்கிறது, மலையேறுகிறது, மழையில் அணையாமல் இருக்கிறது. யார் தூக்கினார்கள் என்று ஓர் இடத்திலும் இல்லை. அதற்கே கால் முளைத்து நடந்து வந்த மாதிரிதான் எழுதியிருக்கிறார். அதை எழுதியவரைக்கூட விட்டுவிடலாம். பத்து வருஷம் அதைப் பாடம் நடத்திக் கைதட்டல் வாங்கினேனே, என் கண்ணிலும் அது படவில்லை. துரை கையில் ஒரு நாளும் லாந்தர் இருந்திருக்காது. இருட்டு என்று அவர் எழுதிய மனிதர்களில் ஒருவர் தலையில்தான் அது இருந்திருக்கும்.

7

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஷீபா அடுத்த குண்டைப் போட்டாள். மேடைக்குப் பெரிய விளக்கு வேண்டும் என்று மிஸஸ் சோப்ரா கேட்டிருக்கிறார். இவள் அஞ்சலையிடம் சொல்லி, பேண்டு கம்பெனியில் ஓட்டை உடைசலாகக் கிடந்த பராத் விளக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பள்ளி பியூன் அதில் பேட்டரி பல்பு பொருத்திவிட்டார். ஒளியாக வருகிற ரித்துவால் இறக்கையும் கிரீடமும் மாட்டிக்கொண்டு அதை ஓர் அங்குலம்கூடத் தூக்க முடியவில்லை.

"ஸோ, நான் தூக்கப் போறேன்!" என்றாள் ஷீபா. "லைட் முன்னால நடக்கும், நான் பின்னால விளக்கு எடுத்துட்டு வருவேன்."

"முதல்ல இருட்டு, இப்போ கூலியா?" என்று கத்தினேன். "போதும். நீ நடிக்க வேண்டாம்."

ஷீபா அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, முன்னாடி எனக்கு ஓடுறது மட்டும்தான் வேலை. இப்பதான் எனக்கு வேலையே இருக்கு. உன் டயலாக் எனக்கு வேண்டாம். என்கிட்ட இருக்கு."

"என்ன டயலாக்?"

"சொல்ல மாட்டேன். நீ லெக்சர் குடுப்ப."

தேவராஜ் பேப்பருக்குப் பின்னால் சிரித்தது பேப்பர் ஆடியதில் தெரிந்தது. "விடு. மேடையில நிக்கப் போறது அவ. அவ என்ன சொல்லணும்னு நீயே எழுதிக் குடுத்தா, நீயும் அந்த துரையும் ஒண்ணுதான்" என்றார். வங்கிக்காரர், இலக்கியம் படிக்காதவர். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை.

ஒப்புக்கொண்டேன். ஆனால் நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்நூறு பேர் முன்னால் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு என் மகள் நிற்கப் போகிறாள். அவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டால்? அன்றைக்கு அவள் மனசில் விழுகிற கோட்டை நான் எந்தக் கரும்பலகையில் அழிப்பேன்?

8

விழா மாலை ஐந்து மணிக்கு. ஷாமியானா போட்டிருந்தார்கள். டிசம்பர் வெயில் அதற்குள் மங்கிவிட்டது. அஞ்சலை ஒரு ரோஸ் நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆயாக்களோடு பின்னால் நிற்கப் போனவளைக் கையைப் பிடித்து இழுத்து எங்கள் பக்கத்தில் உட்கார வைத்தேன். "விளக்கு எங்குளுது டீச்சரம்மா, ஒடச்சிடப் போவுதுங்க" என்று அவளுக்கு அவள் கவலை.

திரை விலகியது. ஷீபா கறுப்புத் துணியில் நடு மேடையில் நின்றாள். மிஸஸ் சோப்ரா சொன்னது பொய்யில்லை, என் பெண் அசையவே இல்லை. பின்னணியில் ஒரு குரல் தேசம் இருளில் கிடந்த கதையைப் படித்தது. பிறகு வாத்தியம் முழங்க ரித்து வந்தாள். ஷீபா ஓரமாகப் போய், துவாலையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, விளக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள். கழுத்து நேராக, இடுப்பில் ஒரு கை, சாட்சாத் அஞ்சலை நடை. அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரித்து மேடை நடுவில் நின்று தன் வசனத்தை ஆரம்பித்தாள். கல்வி கொண்டு வந்தேன், மருந்து கொண்டு வந்தேன், பாதை போட்டேன் என்று அது போய்க்கொண்டே இருந்தது. பின்னால் விளக்கோடு நிற்கிறவளின் கழுத்து நரம்பு எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. ஷீபா ஓர் அடி முன்னால் வந்தாள். ரித்துவின் தோளைத் தட்டினாள். தெளிவாக, கடைசி வரிசைவரை கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எம்மா நேரம் பேசுவ? எனக்குக் கழுத்து வலிக்குது. நீயும் கொஞ்சம் புடி!"

ரித்துவுக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரியாதா? அந்தக் குழந்தை தன் இறக்கைகளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, மறு கையால் விளக்கின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் தள்ளாடித் தள்ளாடி அதை இறக்கி முக்காலியில் வைத்தார்கள். அந்த வெளிச்சம் இரண்டு முகத்திலும் விழுந்தது. ஓடிப் போக வேண்டிய இருள் ஓடாமல் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றது.

"அப்படிக் கேளு கண்ணு!" என்று அஞ்சலை எழுந்து நின்று கத்தினாள். மேடை ஓரத்தில் புத்தகமும் கையுமாகத் திகைத்துப் போயிருந்த மிஸஸ் சோப்ராதான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். எங்கள் முன்னால் இருந்த ஒரு பெரியவர் பக்தியோடு திரும்பி, "சமஸ்கிருத ஸ்லோகமா?" என்று கேட்டார். தேவராஜ் கொஞ்சமும் சிரிக்காமல், "ஹான் ஜி, பஹுத் புரானா" என்றார். ரொம்பப் பழசாம்!

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. என் மகள் மேடையேறித் தமிழ் பேசியிருக்கிறாள். பத்து வருஷம் நான் ஊட்டி ஊட்டிப் பார்த்த எங்கள் திருநெல்வேலித் தமிழ் அல்ல, சமையலறைப் படியில் குந்தி அவளே பொறுக்கிக்கொண்ட விழுப்புரத்துத் தமிழ். எதுவாக இருந்தால் என்ன? எனக்கு எழுத வராத வசனத்தை அவள் சொல்லிவிட்டாள். மறுநாள் வகுப்பில் இரண்டு பத்தியும் வரைந்துவிட்டு, நடுக்கோட்டின் மேல் 'தூக்கியது யார்?' என்று எழுதினேன். யாரும் கைதட்டவில்லை. பாடம் முடிந்தும் அரை மணி நேரம் எழுந்து போகாமல் விவாதம் பண்ணினார்கள்.

9

விழா முடிந்து வந்ததும் நான் செய்த முதல் வேலை, ராஜம் அக்காவுக்குப் பதில் எழுதியதுதான். கரண்ட் சமாசாரத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, 'நம் பள்ளி நாடகத்தில் நான் ஒளியாக நடித்தபோது இருளாக வந்த பெண் யார்? உனக்கு ஞாபகம் இருக்கிறதா?' என்று கேட்டிருந்தேன். அக்கா அதே பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். நேற்று பதில் வந்தது.

"அவ பேரு செல்லக்கனி. அதுகூடவா மறந்துட்ட? ஒன் அட்டை எறக்கை ரெண்டும் பிஞ்சு தொங்கிட்டுல்லா. நாடகம் முடியுற மட்டும் கறுப்புச் சீலைக்குள்ள இருந்து கையை நீட்டி அதைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நின்னது அவதான். அவ இல்லேன்னா ஒன் எறக்கை அன்னைக்கே விழுந்திருக்கும்."

அக்காவுக்கும் அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அதனால்தான் கேட்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் நீ இருந்தால், செல்லக்கனி, ஒரு கார்டு போடு. அன்றைக்கு உன் கை எவ்வளவு வலித்தது என்று எழுது. உனக்கு ஒரு வசனம் பாக்கி இருக்கிறது.